ஆறு மணித்தியாலக் கலியாணம்

தங்கேஸ்வரியின் கடைக்குப் புதிதாக எது வந்து இறங்கினாலும் அது முதலில் அங்கே சாமித்தட்டில் இருக்கிற பிள்ளையாரைப் பார்த்தாக வேண்டும். புதுக் கமராவா, புது லைற்றா, மணப்பெண்ணுக்குத் தலை காயவைக்கிற மெஷினா, எதுவானாலும் பெட்டியிலிருந்து வெளியே வந்த கையோடு பிள்ளையாரின் காலடியில் ஓர் இரவு இருந்து, சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டுதான் வேலைக்கு இறங்கும். பிரான்சின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்கிற வீதியின் மேல் நுனியில், மரக்கறிக் கடைக்கு மேலே முதலாம் மாடியில், இருபத்திரண்டு வருடமாகக் கலியாண வீடியோவும் பெண் பிள்ளைகள் பெரியவளாகிற சாமத்திய வீட்டு வீடியோவும் எடுக்கிறவள் அவள். பிள்ளையாரிடம் போய்வந்த கமரா ஒன்றும் இதுவரை கெட்டதில்லை என்று அடித்துச் சொல்வாள். மூன்று கெட்டன. அது வேறு காரணம் என்பாள்.

ஆகவே, ஏப்ரல் முப்பதாம் தேதி பின்னேரம், தன் கலியாணப் படத்தை ஏற்றித் தரச் சொல்லிப் பியட்றிஸ் வாங்கிவந்து கொடுத்த புது ஹாட் டிஸ்க்கும் அந்தக் காலடிக்குத்தான் போனது. உள்ளங்கைக்குள் அடங்குகிற கறுப்புப் பெட்டி. பொட்டு வைக்கப் போகும்போதுதான் சிக்கல். கமராவுக்கு முகம் இருக்கிறது, பார்த்ததும் தெரிந்துவிடும். இதற்கு எது முன்பக்கம்? தங்கேஸ்வரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரேயொரு பக்கத்தில் மட்டும் வயர் செருகுகிற சின்ன வாய் இருந்தது. வாய் இருக்கிற பக்கம்தானே முகம். வாய்க்கு மேலே இருந்த மெல்லிய விளிம்பில் தாராளமாகச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் இட்டுவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டாள்.

காலையில் கடையைத் திறந்தபோதுதான் நெஞ்சில் ஒன்று தட்டியது. பியட்றிஸ் மன்னார் பேசாலைப் பெண். தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பம். கலியாணம் நடந்தது மாதா கோயிலில். அந்தக் கலியாணத்தைப் பிள்ளையார் பொட்டோடு கையில் கொடுத்தால் பிள்ளை என்ன நினைக்கும்? தங்கேஸ்வரி ஈரத்துணியை எடுத்துப் பெருவிரலால் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். விளிம்பு பளிச்சென்று வந்தது. துடைத்த சந்தனமெல்லாம் துணிக்குத்தான் வந்ததா, வேறெங்காவது போனதா என்று அவள் பார்க்கவில்லை. படத்தின் கடைசித் துண்டைக் கம்ப்யூட்டர் இன்னும் கோர்த்துக்கொண்டிருந்தது, அவளுடைய கவலையெல்லாம் அதில்தான் இருந்தது.

படம் ஆறு மணித்தியாலம். சிரிக்க வேண்டாம், பியட்றிஸ் கேட்டது அதைத்தான். ஒரு சொட்டும் வெட்டாமல், கோயில் வாசலில் கார் வந்து நின்றதிலிருந்து கடைசி விருந்தாளி கை கழுவினது வரைக்கும். எங்கள் சனம் கலியாண வீடியோ பார்ப்பது பொழுதுபோக்குக்காக அல்ல. யார் வந்தது, யார் வராமல் விட்டது, யார் எந்தச் சேலையில் வந்தது என்று ஒவ்வொரு முகமாக நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். பியட்றிஸ் கேட்டதற்கு அதைவிடப் பெரிய காரணமும் இருந்தது. அவளுடைய அப்பாவுக்கு இரண்டு முறை கேட்டும் வீசா கிடைக்கவில்லை. அவள் போய்ப் பார்க்கலாமென்றால், அகதிகளுக்குக் கொடுக்கிற அவளுடைய பயணப் பத்திரத்தில் 'இலங்கை தவிர எல்லா நாடும்' என்று அச்சடித்திருந்தது. அப்பா வர முடியாது, மகள் போக முடியாது. போகக்கூடியவன் ஜெரமி ஒருவன்தான். பிரான்சிலேயே பிறந்து வளர்ந்த மாப்பிள்ளை, மாமனாரை முதன்முதலாகப் பார்க்க இன்று இரவு ஒன்பது மணி விமானத்தில் போகிறான். கலியாணம் அவனுடைய பையில் போக வேண்டும்.

கோயிலில் முன்வரிசையில் வெறுமையாகக் கிடந்த ஒரு கதிரை, ஆறு மணித்தியாலப் படத்தில் பாதி நேரம் தெரிந்துகொண்டே இருந்தது. மேலே மடித்த சால்வை மட்டும். படத்தைக் கோர்க்கும்போது தங்கேஸ்வரிக்கு அது கண்ணைக் குத்தியது. "இந்த வெறுங் கதிரை எல்லா இடமும் வருது பிள்ளை, வெட்டிவிடட்டோ?" என்று கேட்டாள். "அது அப்பாவின்ரை கதிரை. இருக்கட்டும் அக்கா," என்றாள் பியட்றிஸ். அதற்குப் பிறகு தங்கேஸ்வரி கத்தரிக்கோலைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மே முதலாம் தேதி, மத்தியானம் இரண்டு மணி. படம் தயார். புது டிஸ்க்கைச் செருகினாள். நீல விளக்கு எரிந்தது. கையில் வைத்தால் உள்ளே மெல்லச் சுற்றுவது தெரிந்தது. கம்ப்யூட்டர் மட்டும், முன்பின் தெரியாத ஆள் கதவைத் தட்டின மாதிரி, ஒரு சத்தமும் காட்டாமல் இருந்தது. கழற்றிச் செருகினாள். வேறு துளையில் செருகினாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். பிள்ளையாரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

இரண்டேகாலுக்குப் பியட்றிஸ் வந்து நின்றாள், கையில் வெள்ளை மணிப்பூக் கொத்தோடு. மே முதலாம் தேதிக்குத் தெருவெல்லாம் விற்பார்களே, அது. "உங்களுக்குத்தான் அக்கா," என்று நீட்டினாள். "முடிஞ்சுதோ? ஜெரமி பெட்டியோடை கார் து நோர் ஸ்டேசனிலை அஞ்சு மணிக்கு நிப்பார்."

"படம் முடிஞ்சுது. ஆனா இந்தச் சனியன் டிஸ்க்கை கம்ப்யூட்டர் மதிக்கிறதாக் காணேல்லை," என்றாள் தங்கேஸ்வரி. வீட்டுக்காரர் புண்ணியமூர்த்தி பியர்ஃபித்தில் ஒரு சாமத்திய வீட்டுக்குக் கமரா தூக்கிப் போயிருந்தார். அவர் நின்றிருந்தாலும் பெரிய பிரயோசனம் இல்லை. ஆகவே அவள் அஷ்வத்தைக் கூப்பிட்டாள்.

அஷ்வத் கோயம்புத்தூர்ப் பொடியன். லா டிஃபான்ஸில் ஏதோ பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. வதிவிட அனுமதிக் கார்ட்டுக்குப் படம் எடுக்க ஒருமுறை வந்தவன், பிறகு லீவு நாட்களில் பக்கத்துக் கடையில் கொத்து ரொட்டி சாப்பிட வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போவான். முதுகில் லாப்டொப் பையோடு ஒரு தமிழ்நாட்டுப் பொடியனைக் கண்டால், அவனுக்குக் கம்ப்யூட்டர் திருத்தத் தெரியும் என்பது லா ஷப்பலில் எல்லோரும் எழுதாமல் ஒப்புக்கொண்ட விஷயம். பாவம், அவனிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

கையில் கொத்து ரொட்டிப் பார்சலோடு மேலே ஏறி வந்தவன் நிலைமையைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். "ஆன்ட்டி, நான் க்ளவுட்ல வேலை பாக்கறேன். என் டிஸ்க் எல்லாம் அயர்லாந்துல எங்கயோ இருக்கு. நான் அத நேர்ல பாத்ததே இல்ல."

"அங்கை இருக்கிறதையே பாக்கிறீர் எண்டால், இஞ்சை மேசையிலை இருக்கிறதைப் பாக்க மாட்டீரோ தம்பி?" என்றாள் தங்கேஸ்வரி. அவன் பார்சலை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

உட்கார்ந்த பிறகு ஒழுங்காகத்தான் செய்தான். முதலில் வயரைச் சந்தேகப்பட்டான். அதே வயரில் தங்கேஸ்வரியின் பழைய டிஸ்க் ஒன்றைச் செருக, கம்ப்யூட்டர் 'டிங்' என்று அன்போடு வரவேற்றது. வயரில் குற்றமில்லை. அடுத்து, டிஸ்க்குகளின் பட்டியல் முழுவதும் தெரிகிற ஒரு பெட்டியைத் திரையில் திறந்தான். "புது டிஸ்க்ல சில சமயம் ஃபார்மட் பண்ணாமக் குடுத்துடுவாங்க. அப்ப மேல தெரியாது, ஆனா இங்கயாவது வந்து நிக்கும்," என்றான். அங்கேயும் நிற்கவில்லை. பிறகு தன்னுடைய லாப்டொப்பில் செருகினான். நீல விளக்கு எரிந்தது, அதோடு சரி.

"என்ன தம்பி?"

"டிஸ்க் அவுட் ஆன்ட்டி. கம்பெனி ஃபால்ட். கடைல காட்டினா மாத்திக் குடுத்துடுவாங்க."

"இண்டைக்கு மே ஒண்டு, லீவு," என்றாள் பியட்றிஸ். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ஒரு கடையும் இல்லை." தெருவில் மரக்கறிக் கடையும் சாப்பாட்டுக் கடையும் திறந்திருந்தன. புடலங்காயில் படம் ஏற்ற முடியாது.

"க்ளவுட்ல ஏத்திடலாமே," என்றான் அஷ்வத், கடைசியில் தனக்குத் தெரிந்த தெருவுக்கு வந்துவிட்ட சந்தோஷத்தில். "அவரு அங்க டவுன்லோட் பண்ணிக்கட்டும்."

"போனிலை என்ரை முகமே அப்பாவுக்கு நாலு துண்டாத்தான் போய்ச் சேருது," என்றாள் பியட்றிஸ். "ஆறு மணித்தியாலம் எப்பிடிப் போகும்?"

"அப்ப ஆன்ட்டியோட பழைய டிஸ்க் ஒண்ண அழிச்சுட்டு..."

தங்கேஸ்வரி அலுமாரியைப் பார்த்தாள். பதினேழு டிஸ்க்குகள், ஒவ்வொன்றிலும் நிறையக் கலியாணம், ஒன்றிலும் விரல் வைக்க இடமில்லை. "ஆற்றை கலியாணத்தை அழிக்கச் சொல்லுறீர்?" என்று கேட்டாள். அஷ்வத் அந்த யோசனையை மெல்லத் திருப்பி எடுத்துக்கொண்டான்.

மூன்று மணி தாண்டிவிட்டது. படத்தைப் பிரதி எடுக்கவே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். பியட்றிஸ் கைத்தொலைபேசியை எடுத்து ஜெரமிக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றாள். அஷ்வத் டிஸ்க்கைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே தனக்குத்தானே பேசுகிற மாதிரிச் சொன்னான். "லைட் எரியுது, சுத்துது. கரண்ட் போகுதுல்ல. டேட்டா போற பின் மட்டும் தொட மாட்டேங்குது. நடுவுல ஏதோ அடைச்சுட்டு இருக்கற மாதிரி. ஆனா நேத்துதான் சீல் உடைச்ச புது டிஸ்க்குல என்ன போய் அடைக்கப் போகுது."

தங்கேஸ்வரி மேசை ஓரத்தில் கிடந்த ஈரத்துணியைப் பார்த்தாள். பெருவிரலால் அழுத்தி அழுத்தித் துடைத்தது ஞாபகம் வந்தது. விளிம்புக்குக் கீழே வாய். அழுத்தினால் வேறெங்கே போகும்?

அவளுக்கு ஒரு நல்ல வழி இருந்தது, வாயை மூடிக்கொண்டிருப்பது. கம்பெனிக் குற்றம் என்று படித்த பொடியனே சொல்லிவிட்டான். நாளைக்குக் கடை திறந்ததும் இந்தப் பெட்டியை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. ஜெரமி கையை வீசிக்கொண்டு போவான். அவ்வளவுதான். ஆனால் பேசாலையில் ஒரு மனிதர் புது டிவியை ஏற்கனவே மேசையில் வைத்துவிட்டு, அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார் என்று பியட்றிஸ் போன கிழமை சொன்னாள். அந்தச் சால்வை மடித்துக் கிடந்த கதிரை வேறு கண்ணுக்குள் வந்து நின்றது. தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது, ஒரு பொட்டை வைத்ததற்கல்ல, அதைத் துடைத்ததற்கு.

"பிள்ளை," என்றாள். "நான் உதுக்குப் பொட்டு வைச்சனான்."

பியட்றிஸ் நிமிர்ந்தாள்.

"ராத்திரி வைச்சனான். சந்தனம். புதுச் சாமான் எண்டால் எனக்கு அது ஒரு பழக்கம். பிறகு காலமை பாத்தால், நீர் வேதக்காரப் பிள்ளை, என்ன நினைப்பீரோ எண்டு போட்டு அவசரத்திலை துடைச்சனான். அது உள்ளுக்கைதான் போயிருக்கும்." மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டு, "கம்பெனி பிழை இல்லை. என்ரை பிழை," என்று சேர்த்துக்கொண்டாள்.

அஷ்வத் போனில் லைட்டைப் போட்டு டிஸ்க்கின் வாய்க்குள் பார்த்தான். பியட்றிஸும் குனிந்து பார்த்தாள். உள்ளே, தகடுகளின் மேல், காய்ந்துபோன மஞ்சள் படை. நடுவில் கொஞ்சம் சிவப்பும் இருந்தது.

பியட்றிஸ் திட்டுவாள் என்றுதான் தங்கேஸ்வரி எதிர்பார்த்தாள். அவளோ மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கடை அப்பா புது இஞ்சின் வாங்கினவர் அக்கா, மீன்பிடிக்கிற போட்டுக்கு. முதல் ஃபாதரிட்டைக் கொண்டுபோனவர். ஃபாதர் தீர்த்தம் தெளிச்சார். அது காணாதெண்டு அப்பா அவரின்ரை வாளியை வாங்கி மிச்சத்தையும் இஞ்சினிலை ஊத்திப்போட்டார். கடலுக்குப் போக வெளிக்கிட்டால் ஸ்டார்ட் வரேல்லை. ப்ளக்குக்குள்ளை தண்ணி."

"பிறகு?"

"பிறகென்ன, ப்ளக்கைக் கழட்டி, துடைச்சு, காயவிட்டு, திருப்பிப் பூட்டினார். பதினாலு வருசம் ஓடினது." சிரிப்பு நின்றது. கையை நீட்டினாள். "உங்களிட்டை ஸ்பிரிட் இருக்கோ? அந்தக் கமராவின்ரை கண்ணாடி துடைக்கிறது."

இருந்தது. நன்றாகக் காயும்வரை வயரைச் செருகக் கூடாது என்றான் அஷ்வத், அதை மட்டும் அவன் உறுதியாகச் சொன்னான். பியட்றிஸ் பல் குத்துகிற குச்சியின் நுனியில் பஞ்சை மெல்லிசாகச் சுற்றி, ஸ்பிரிட்டில் தொட்டு, அந்தச் சின்ன வாய்க்குள் விட்டாள். முதல் பஞ்சு மஞ்சளாக வந்தது. இரண்டாவதும் மஞ்சள். மூன்றாவது சிவப்பு. தங்கேஸ்வரி ஒவ்வொரு பஞ்சையும் வாங்கிக் குப்பையில் போட்டாள், அவளுக்கு வேறு வேலை தரப்படவில்லை. ஏழாவது பஞ்சு வெள்ளையாக வந்தது. பிறகு மணப்பெண்ணுக்குத் தலை காயவைக்கிற மெஷினைக் குளிர்காற்றில் வைத்துத் தூரத்திலிருந்து பிடித்தார்கள். பத்து நிமிடம் பிடிக்க வேண்டும் என்றான் அஷ்வத். ஆறு நிமிடத்திலேயே மூன்று பேருக்கும் பொறுமை போய்விட்டது, ஆனாலும் பிடித்தார்கள்.

மூன்றே முக்காலுக்கு அஷ்வத் வயரைச் செருகினான். தங்கேஸ்வரி திரையைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டிங்.

அதுவரை ஊமையாக இருந்த திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. தங்கேஸ்வரி கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தாள். பியட்றிஸ் அவளுடைய தோளில் கையை வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் அஷ்வத் தன் பெயரைக் காப்பாற்றினான். "அப்பாகிட்ட என்ன டிவி இருக்கு?" என்று கேட்டான். கம்ப்யூட்டருக்குத் தெரிகிற டிஸ்க் டிவிக்கும் தெரியும் என்று சொல்ல முடியாதாம். பியட்றிஸ் அப்பா அனுப்பியிருந்த டிவிப் படத்தைக் காட்ட, அவன் அதன் பெயரைப் பார்த்து, எதையோ தேடிப் படித்து, டிவிக்குப் பிடித்த மாதிரி டிஸ்க்கை மாற்றி அமைத்துவிட்டுத்தான் பிரதியைத் தொடங்கினான். தங்கேஸ்வரி அவனுடைய கொத்து ரொட்டியைச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தாள்.

கம்ப்யூட்டர் முதலில் ஐம்பது நிமிடம் என்றது. பிறகு மூன்று மணித்தியாலம் என்றது. பிறகு எதையோ யோசித்துவிட்டு ஒரு மணித்தியாலம் என்றது. மூன்று பேரும் அந்தப் பச்சைக் கோட்டைக் கண் எடுக்காமல் பார்த்தார்கள். நாலு ஐம்பதுக்கு அது மறுகரையைத் தொட்டது. ஜெரமி இரண்டு முறை பிரெஞ்சில் ஃபோன் பண்ணி, மூன்றாவது முறை பண்ணும்போது பியட்றிஸ் பையைத் தோளில் போட்டுவிட்டாள்.

போக எழும்பியவள் நின்றாள். "அக்கா, பொட்டு?"

"என்ன பொட்டு?"

"வைச்சு விடுங்கோ. அப்பா ஃபாதரிட்டைக் கொண்டுபோன இஞ்சினை அதுக்குப் பிறகு அம்மன் கோயிலுக்கும் கொண்டுபோனவர். ரெண்டு இடமும் காட்டினால்தான் நம்பிக்கையாம்." டிஸ்க்கை நீட்டினாள். "ஆனா மேல் பக்கத்திலை. நட்ட நடுவிலை."

தங்கேஸ்வரி சந்தனத்தை மிளகளவு எடுத்து, மேல் பக்கத்தின் நட்ட நடுவில் வைத்தாள். அது காய்கிறவரைக்கும் பியட்றிஸ் ஊதினாள். பிறகு பெருவிரலால் அதன் மேல் காற்றில் ஒரு சிலுவை போட்டாள். படியிறங்கி ஓடின சத்தம் தெரு வரைக்கும் கேட்டது.

ஐந்து நாள் கழித்து, மத்தியான வேளையில், பியட்றிஸ் மறுபடி கடைக்கு வந்தாள். "அப்பா உங்களுக்கு ஒண்டு பேசி அனுப்பியிருக்கிறார்," என்று போனை மேசையில் வைத்தாள். தங்கேஸ்வரி அப்போது ஒரு சாமத்திய வீட்டில் ஆலாத்தி எடுக்கிற காட்சியைக் கோர்த்துக்கொண்டிருந்தாள். அதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள்.

கடற்காற்று இரைந்தது. அதற்குள்ளிருந்து ஒரு கரகரத்த குரல் வந்தது. "கமராக்காரப் பிள்ளைக்கு வணக்கம். படம் வந்து சேந்தது. ஆறு மணித்தியாலமும் பாத்தனான். பிறகு திருப்பியும் பாத்தனான். நல்ல கலியாணம். கோயிலுக்கை எனக்கு நல்ல இடம்தான் தந்திருக்கினம், முன்வரிசை. ஆனா பிள்ளை, பின்னாலை வைச்ச கமராவிலை பாத்தால் நீங்கள் என்ரை கதிரைக்கு முன்னாலைதான் நிக்கிறியள். முழுக்க. தாலி கட்டேக்கையும் எனக்கு உங்கடை முதுகுதான் தெரிஞ்சிருக்கும்." அதற்குப் பிறகு அவர் சிரித்தார். சிரிப்பின் நடுவே குரல் உடைந்து, ஒலி நின்றுவிட்டது.

தங்கேஸ்வரிக்குக் கண் நிறைந்துவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பேர் மறைக்கிறாய், தள்ளி நில் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களெல்லாம் அங்கே இருந்தவர்கள்.

பதில் பேசி அனுப்பப் போனைக் கையில் எடுத்தாள். "ஐயா," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினாள். "ஐயா, மறைச்சுப்போட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அடுத்த விசேசத்துக்கு உங்கடை கதிரைக்குப் பின்னாலை நிண்டுதான் எடுப்பன்."

சொல்லி முடித்தும் அனுப்புகிற பொத்தானை அழுத்த மறந்து, போனைப் பிடித்தபடியே நின்றாள். பியட்றிஸ்தான் பக்கத்தில் வந்து அதை அழுத்திவிட்டாள்.